எடுக்கத் தெரியாது என்று சொன்ன எட்டு நாள்

மகனே,

நீ உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். உன் அப்பா நாலாவது முறையாக வந்து, கொச்சியில் மழை அதிகமாமே, குடை எடுத்தானா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறார். உன்னிடம் நேரே கேட்டால் என்ன வந்துவிடும் என்று இத்தனை வருஷமாக எனக்குப் புரியவில்லை. நான் அடுக்களை மேஜையில் உட்கார்ந்து, நீ எனக்குப் பாடம் சொல்லித்தர வாங்கின அதே நோட்டின் கடைசித் தாள்களில் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் பெட்டியில் சிப்ஸ் பொட்டலத்துக்கு அடியில் வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். திங்கட்கிழமை பாறசாலையில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகு நீ படிக்கலாம். வாய்க்காரி என்று சபை முழுக்கப் பெயர் வாங்கின நான், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால் என் பயம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்.

டீக்கடை செல்லையன் மாமா விஷயத்தில் தப்பு முழுக்க உன்னுடையது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். கொச்சியில் கிடைத்த விளம்பர வேலைக்குப் போகத் தனக்குத் தகுதி உண்டா என்று அப்பாவிடம் கேட்டாயாம். அவர் வழக்கம்போலப் பதில் சொல்லாமல் என்னிடம் வந்து சொன்னார். நீ சுமந்துகொண்டு போகிற அந்தப் பாரத்தில் பெரிய பங்கு என்னுடையது. அதை நான் இதுவரை உன்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

ஆதியிலிருந்தே சொல்கிறேன், அப்படிச் சொன்னால்தான் எனக்கு வரும். நீ திருவனந்தபுரத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த சமயம், நம் ஏத்தங்காய் சிப்ஸ் வியாபாரம் படுத்துக் கிடந்தது. அப்பா நேந்திரங்காயைச் சீவி வறுப்பார், நான் பொட்டலம் கட்டுவேன், குன்னத்துகால் கடைகளிலும் களியக்காவிளை பேக்கரிகளிலும் கொண்டுபோய்க் கொடுப்பேன். கடைக்காரர்கள் மிஷின் போட்டு வறுத்த சரக்கை வாங்க ஆரம்பித்ததும் நம் பொட்டலம் பின்வரிசைக்குப் போனது. நீ ஒரு வாரம் சும்மா இருந்து பார்த்துவிட்டு, "அம்மா, நமக்கு ஒரு பேஜ் தொடங்கலாம். நான் பண்ணித் தரமாட்டேன், படிப்பிச்சுத் தாறேன்" என்றாய். நான், "எலே, எனக்கு வயசு அம்பத்தஞ்சு. போன்ல பாட்டு கேக்கதே பெரிய பாடு" என்றேன். நீ அதைக் காதில் வாங்காமல் போய் ஒரு நோட்டு வாங்கி வந்தாய்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தை இப்போதும் புரட்டிப் பார்த்தேன். நீ சொல்லச் சொல்ல நான் எழுதினது. மற்ற எதற்கும் முந்தி நீ சொல்லித்தந்தது, போட்டதை எடுப்பது. "முதல்ல எடுக்கப் படிக்கணும் அம்மா. போடுகத பிறகு பைய படிச்சா மதி, அது போதும்" என்றாய். மேல் மூலையில் மூன்று புள்ளி, அதைத் தொட்டால் பட்டியல் விழும், அதில் டிலீட், நிச்சயமா என்று கேட்கும், ஆமாம் என்று தொடு. எண்ணெய்ச் சட்டியைப் படம் பிடித்துப் போட்டு, எடுத்து, போட்டு, எடுத்து, பத்துத் தடவை செய்யவைத்தாய். பத்தாவது தடவை நான் கண்ணாடி போடாமலே எடுத்தேன். "அம்மா பாஸ்" என்று சொல்லிச் சிரித்தாய். இந்த முதல் பக்கத்தை மறந்துவிடாதே. பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

அதன் பிறகு வந்தவை எல்லாம் எனக்குக் கஷ்டமாக இருந்தன. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் விழக்கூடாது. முதல் மூன்று நொடியில் பார்க்கிறவனைப் பிடித்து நிறுத்த வேண்டும். ரீச் என்றால் எத்தனை பேர் கண்ணில் பட்டது, பூஸ்ட் என்றால் காசு கொடுத்துக் கூடுதல் பேர் கண்ணில் படவைப்பது, ஆடியன்ஸ் என்றால் யார் கண்ணில் பட வேண்டும் என்று நாம் குறித்துக் கொடுப்பது. நான் முதலில் எடுத்த ஆறு வீடியோவும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சேலையைக் கட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே" என்று தொடங்கி ஞானஸ்நானத்துக்கு வந்த பிள்ளை மாதிரி விறைத்து நின்றேன். பார்த்தவர்கள் நாற்பது பேர், அதில் முப்பத்தைந்து பேர் நம் சொந்தக்காரர்கள். நீ தலையில் கைவைத்துக்கொண்டு, "அம்மா, சபையில லேலம் விளிக்க மாதிரி பேசு. அப்படி உண்டல்லோ உனக்க பேச்சு, அதுதான் வேணும்" என்றாய்.

அது எனக்கு இனித்தது, மறைக்க என்ன இருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் இருபது வருஷமாக நான்தான் குரல் கொடுக்கிறேன். ஆராதனை முடிந்து ஆலய முற்றத்தில் கூடுவோம். அவரவர் கொண்டுவந்த பூசணி, வாழைக்குலை, சேனை, சேவல் எல்லாம் மேஜையில் இருக்கும். எடுத்தவர் அதையே திரும்பக் கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். சும்மா விலை கூவினால் ஒருவரும் கை தூக்கமாட்டார்கள். வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், குத்த வேண்டும், சிரிக்கவைக்க வேண்டும். செல்லையன் மாமாதான் எனக்கு நல்ல ஆள். வருஷா வருஷம் சேவலுக்குப் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே வருவார், மூன்றாம் தரம் சொல்லப்போகும்போது பின்னால் நகர்ந்து மாமரத்தடிக்குப் போய்விடுவார். "அந்தா ஓடுறாரு பாருங்க! டீக்கடையில கல்லாப்பெட்டிய திறந்து வச்சிட்டு வந்தாராம்" என்பேன். உடனே அவர் அங்கிருந்து, "பிள்ளே, உனக்க வீட்டுக்காரன் வாய் திறந்து ஒரு வாக்கு சொல்லட்டும், சேவல நான் எடுக்கேன்" என்பார். கூட்டம் உன் அப்பாவைத் திரும்பிப் பார்க்கும், அவர் வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொள்வார், எல்லாரும் விழுந்து சிரிப்பார்கள். சேவல் வேறு யாருக்காவது போகும்.

இந்த வேலைக்கு ஒழுங்கு உண்டு. அதை நான் கற்றுக்கொண்டது உன்னை அழவைத்துத்தான். உனக்கு ஆறு வயது, வீட்டுக்குப் பின்னால் நீயே நட்ட செடியிலிருந்து நாலு வெண்டைக்காய் கொண்டுவந்து மேஜையில் வைத்தாய். நான் அதைத் தூக்கிக் காட்டி, "இது வெண்டைக்காயா, எலி வாலா?" என்றேன். முற்றமே சிரித்தது. நீ என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய், பிறகு மணிமேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாய். சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்த உன்னை அப்பாதான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து, திருப்பிச் சொல்லத் தெரியாத ஆளை நான் கூப்பிட்டதில்லை. அந்த வருஷம் சாவு நடந்த வீட்டைத் தொடமாட்டேன், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறவர்களைத் தொடமாட்டேன், பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிற வீட்டை ஒருபோதும் தொடமாட்டேன். யார் வீட்டில் என்ன நிலவரம் என்று சனிக்கிழமையே விசாரித்து வைத்துக்கொள்வேன்.

நீ சொன்னபடி ஏலக் குரலில் பேசினேன். அன்று நீ போனைப் பிடித்துக்கொண்டிருக்க, வறுத்து வடியவைத்த சிப்ஸுக்கு முன்னால் நின்று, "எனக்க சிப்ஸுக்கு உப்பு பாக்க ஒரு ஆபீசர் உண்டு, செல்லையன் அண்ணன் ஆக்கும். தினம் காலையில வருவாரு. மூணு எடுப்பாரு. 'உப்பு இத்திரி குறைவு பிள்ளே' என்பாரு. பிறகு சரியா நோக்கட்டும்னு இன்னும் மூணு எடுப்பாரு. பத்து வருசமா உப்பு சரியாகல்ல, அண்ணன் ஒரு பாக்கெட்டும் வாங்கல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி வாய் மூடவில்லை, மனுஷன் தோளில் துண்டோடு உள்ளே வந்து மூன்று சிப்ஸ் எடுத்து வாயில் போட்டு, "உப்பு குறைவா இருக்கே பிள்ளே" என்றார். நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் போன் ஆடியதும் அந்த வீடியோவில் இருக்கிறது. அவரிடமே காட்டினோம். "கொள்ளாம். எனக்க மூக்கு நல்லா விழுந்திருக்கு. போடு, போடு" என்றார். ஓணத்துக்கு முன்னால் போட்டோம். நம் பக்கத்து ஆட்கள் பார்த்தார்கள், வழியில் அவரைக் கண்டால் உப்பு ஆபீசர் என்றார்கள், அவரும் திருப்பிச் சொன்னார். அதுவரை எந்தக் குறையும் இல்லை.

ஓணம் முடிந்ததும் ஆர்டர் குறைந்துபோனது. இரண்டு மாதம் கழித்து நீ பழைய வீடியோக்களை வரிசையாகப் பார்த்து, இதுதான் நன்றாக ஓடியது, இதைப் பூஸ்ட் பண்ணலாம் என்றாய். "கொச்சி, பெங்களூர், கல்ஃப், எல்லாத்துக்கும் போகட்டா?" என்று கேட்டாய். நான் மாவு சலித்துக்கொண்டே, "போகட்டு" என்றேன். அப்போது செல்லையன் மாமா வீட்டில் அவர் மகள் ஷைனிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். பெற்றவள் தங்கம் மாமி என்னிடம்தான் முதலில் சொன்னாள். ஏலத்துக்கு முந்தின சனிக்கிழமை வீடு வீடாக நிலவரம் விசாரிக்கிறவள், போனுக்கு அப்படி விசாரிக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அது ஏற்கெனவே போட்டதுதானே, அவர் சரி சொன்னதுதானே என்று விட்டுவிட்டேன். நான் பேசினபோது இருந்த செல்லையன் மாமாவும் இரண்டு மாதம் கழித்து உலகம் பார்த்த செல்லையன் மாமாவும் ஒரே நிலைமையில் இல்லை. முற்றத்தில் நான் சொன்னது கூட்டம் கலையும்போது முடிந்துவிடும். இது முடியவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். யாரோ அதை வெட்டி, அவர் மெல்லுகிற இடத்தில் கழுதைச் சத்தம் சேர்த்து, ஓசி மாமன் என்று பெயர் வைத்துச் சுற்றவிட்டார்கள். ஊர் பேர் தெரியாத பையன்கள் பைக்கில் வந்து அவர் டீக்கடையில் நின்று, வடையைப் பாதி கடித்துவிட்டு "உப்பு குறைவு மாமா, காசு தரமாட்டோம்" என்று சொல்லி, அவர் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பெண் பார்க்க வந்த நாளில் நடந்தது மட்டும் உனக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. மாப்பிள்ளையின் தாய்மாமன், எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, மாமா வீட்டார் வைத்த தட்டிலிருந்தே மூன்று சிப்ஸ் எடுத்து ஒரு சாசரில் வைத்து செல்லையன் மாமாவிடம் நீட்டி, "நோக்கணே, உப்பு உண்டோ?" என்று மலையாளத்தில் கேட்டானாம். எல்லாரும் சிரித்தார்களாம். ஷைனியும் சிரித்தாளாம், என்ன செய்வதென்று தெரியாமல். மாமா மூன்றையும் வாயில் போட்டு மென்றாராம். தங்கம் மாமி பிறகு என்னிடம் இதைச் சொன்னபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. அதற்கு மறுநாள் காலை அவர் நம் வீட்டுக்கு வந்தார். நீ இன்டர்வியூ விஷயமாகத் திருவனந்தபுரம் போய் உன் சிநேகிதன் அறையில் தங்கியிருந்த வாரம். அப்பா குலை எடுக்கப் போயிருந்தார். மாமா வாசலுக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை, சிப்ஸ் பக்கம் பார்க்கவே இல்லை. "பிள்ளே, அந்த வீடியோவ ஒண்ணு எடுத்து விடு. ஷைனிக்க காரியம் முடியது வரைக்கும் மதி. பிறகு வேணும்னா திருப்பிப் போடு" என்றார். என் கையில் போன் இருந்தது. அந்த வீடியோதான் திறந்திருந்தது. பெங்களூரிலிருந்து ஒரு பெண் பத்துப் பாக்கெட் கேட்டு எழுதியிருந்தாள், அதற்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். நான் அவரைப் பார்த்து, "எனக்கு எடுக்கத் தெரியாது அண்ணே. இதெல்லாம் பயலுக்க பணியாக்கும். அவன் வரட்டும், எடுக்கச் சொல்லுறேன்" என்றேன். அவர் சற்று நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "செரி பிள்ளே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உனக்கு நான் போன் பண்ணவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. எட்டு நாள் அந்த வீடியோவை அப்படியே வைத்திருந்தேன். அந்த எட்டு நாளும் நான் வருத்தத்தில் துடித்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். சந்தோஷமாக இருந்தேன் மகனே. பார்க்கிறவர்கள் கூடக் கூட எனக்குச் சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம். கை எண்ணெயாக இருந்தால் புறங்கையால் போனைத் தட்டிப் பார்ப்பேன். கடைக்காரர்கள் என் பொட்டலத்தைப் பின்வரிசையில் தள்ளினார்களே, இப்போது துபாயிலிருந்து கேட்கிறார்கள் என்று மனசுக்குள் அவர்களிடம் பேசிக்கொண்டிருப்பேன். அம்பத்தைந்து வயதில் ஒரு பரீட்சை எழுதி முதலாவதாக வந்த மாதிரி இருந்தது. செல்லையன் மாமா முகம் நடுவில் வரும், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைப்பேன். அந்த நாளைக்கு வரும்போது இன்னும் இருபது பேர் கேட்டு எழுதியிருப்பார்கள். இப்படி நான் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு அதிகப் பயம்.

எட்டாம் நாள் பத்து மணிக்குத் தங்கம் மாமி தலைமுடியை அள்ளி முடியாமல் ஓடிவந்தாள். "அவரு இங்க வந்தாரா? விடியகாலத்துல போனவரு. கடை திறக்கல்ல. போன் வீட்டுல கிடக்கு" என்றாள். நானும் அப்பாவும் அவளோடு கிளம்பினோம். ரப்பர் தோட்டம், ஆலயம், ஆற்றங்கரை என்று பார்த்தோம். யாரும் வாயால் சொல்லவில்லை, ஆனால் எல்லார் காலும் கல் உடைத்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கிற பாறைக்குளத்துப் பக்கம்தான் போனது. மேலே விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. ஒரு துண்டு தெரிகிறதா, ஒரு செருப்பு தெரிகிறதா என்று கண் தேடியது. தெரிந்துவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அங்கே நின்றுகொண்டுதான் மடியிலிருந்து போனை எடுத்தேன். மூன்று புள்ளி, டிலீட், நிச்சயமா, ஆமாம். கண்ணாடி வீட்டில் இருந்தது. அது இல்லாமலே எடுத்தேன். பக்கத்தில் நின்ற அப்பா என் விரலைப் பார்த்தார்.

ஆள் காஞ்சிரங்குளத்தில் தங்கச்சி வீட்டில் இருந்தார். அங்கே ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்ததாகச் சாயந்தரம் சேதி வந்தது. கடையில் நின்றால் படம் எடுக்கிறார்கள், போனை எடுத்தால் சிரிக்கிறார்கள், ஒரு நாள் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம் என்று போனாராம். சொல்லிவிட்டுப் போகத் தோன்றவில்லையாம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தப் பத்து மணியிலிருந்து சாயந்தரம் வரைக்கும் நான் ஒரு மனுஷனைக் கொன்றவளாக இருந்தேன். அந்த நேரம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. போன் மணி அடித்தால் திடுக்கிடுகிறேன். வாசலில் யாராவது அவசரமாக நடந்து வந்தால் கரண்டியைப் போட்டுவிடுகிறேன்.

அவர் வீடு திரும்பின அன்று ராத்திரியே சேதி கேட்டு நீயும் வந்தாய். பூஸ்ட் பண்ணினது நான்தானே என்று பையைக்கூட இறக்கிவைக்காமல் அவர் வீட்டுக்கு நடந்தாய், நான் பின்னால் வந்தேன். அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மாமா, அம்மைக்கு இதொண்ணும் தெரியாது. எல்லாம் நான் செய்ததாக்கும். மன்னிக்கணும்" என்று அழுதாய். அவர் உன் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் வாசற்படியில் நின்றேன். ஏலத்தில் இருநூறு பேருக்குக் கேட்கிற மாதிரிக் கத்துகிற தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. அம்மாவைக் காப்பாற்றப் பிள்ளை பேசுகிறான், பேசட்டும் என்று நின்றுவிட்டேன். மகனே, பாறைக்குளத்தின் விளிம்பில் நின்றதைவிட அந்த வாசற்படியில் நின்றதுதான் எனக்கு வெட்கம்.

ஷைனியின் காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது, தை மாதம் கல்யாணம். உனக்கும் வேலை கிடைத்துவிட்டது. இனி நீ யார் யாருடைய கடைக்கோ, யார் யாருடைய முகத்தையோ உலகத்துக்குக் காட்டப்போகிறாய். அங்கே வீட்டு நிலவரம் விசாரித்துச் சொல்ல உனக்கு ஆள் இருக்காது. ஒருவர் சரி என்று சொன்னால், அது அந்த நாளுக்குச் சொன்ன சரி என்று வைத்துக்கொள். மறுபடி போடும்போது மறுபடி கேள். போட்டவுடன் எண்ணிக்கையைப் பார்க்கத்தான் செய்வாய், நானும் பார்த்தேன். வாசலில் ஒரு மனுஷன் வந்து நின்றால் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு அவனைப் பார். நீ நல்ல பிள்ளை, எனக்குத் தெரியும். நானும் என்னை நல்லவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உன்னை நினைத்து இவ்வளவு பயப்படுகிறேன்.

போன ஞாயிறு அறுப்பின் பண்டிகைக்கு நீ பந்தி பரிமாறிக்கொண்டு பின்பக்கம் இருந்தாய், ஏலத்தைப் பார்க்கவில்லை. நான் இந்த வருஷம் குரல் கொடுக்கமாட்டேன் என்று போதகரிடம் சொன்னேன், வேறு ஆள் இல்லை என்றார். பூசணிக்கும் சேனைக்கும் வெறும் விலையைக் கூவினேன். கூட்டம் சோர்ந்துபோனது. கடைசியில் சேவல் வந்தது. செல்லையன் மாமா மூன்றாவது வரிசையிலிருந்து கை தூக்கினார், பத்துக் கூட்டினார். வேறொருவர் கூட்டினார், அவர் இன்னும் பத்துக் கூட்டினார். வழக்கமாக நான் ஆரம்பிக்கிற இடம் அதுதான். நாக்கு நுனியில் வந்தும்விட்டது. அப்போது மரத்தடியில் மூன்று பையன்கள் போனைத் தூக்கிப் பிடிப்பதைப் பார்த்தேன். வந்ததை விழுங்கிவிட்டேன். "ஒரு தரம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டு தரம்" என்றேன். அவர் ஓடவில்லை. நான் ஏதாவது சொன்னால்தானே அவர் ஓட முடியும். "மூணு தரம்" என்று சொல்லிவிட்டேன். அத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சேவல் செல்லையன் மாமாவுக்கு விழுந்தது.

அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இந்த வருசம் ஒண்ணும் சொல்லல்லியே பிள்ளே. அதும் தெரியாதா?" என்றார்.

நான் சொன்னது பொய் என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அந்தப் போனில் என் விரல் தடுமாறாமல் பதில் அடித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். தெரிந்துகொண்டேதான் எட்டு நாள் காத்திருந்தார், தெரிந்துகொண்டேதான் உன் அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் அவர் கடை வழியாகப் போகவில்லை, பஸ்ஸுக்குக்கூட மறுவழியாகச் சுற்றிப் போகிறேன்.

இதை உன் பெட்டியில் வைப்பதாக மேலே எழுதினேன். வைக்கவில்லை. வைத்தால் நீ ரயிலில் படிப்பாய், நான் இங்கே இருந்து தப்பித்துக்கொள்வேன், அதுவும் எடுக்கத் தெரியாது என்று சொன்ன மாதிரித்தான். எழுந்து வந்து உன் கையில் தருகிறேன். முதல் பக்கத்தையும் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன், நான் என்ன கற்றிருந்தேன் என்று நீ பார்ப்பதற்கு. படித்து முடித்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு வா. டீக்கடை அடைக்க இன்னும் நேரம் இருக்கிறது. தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன், அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். வழியில் என்னோடு பேசிக்கொண்டு வா, ஆனால் அங்கே போனதும் நீ என் பின்னால் நில். ஒரு வார்த்தை பேசக்கூடாது மக்கா. இந்தத் தடவை நான் சொல்கிறேன்.